மருந்து அறையின் கைப்பக்குவம்

பட்டாசுக் கம்பெனியின் கேட்டில் பெண்களைச் சோதனை போட்டு உள்ளே அனுப்புவது என் வேலைகளில் முதலாவது. வருகை பதியும் டைம் ஆபீஸ் நாற்காலியில் போய் உட்காருவதெல்லாம் அதற்குப் பிறகுதான். கொண்டை ஊசி, கொலுசு, மெட்டி, செல்போன், நைலான் சேலை எதுவும் உள்ளே போகக் கூடாது. உரசினால் பொறி வரும். பொறி வந்தால் கூரை இருக்காது. அதனால் தலை முதல் கால் வரை தொட்டுப் பார்க்கும் உரிமையைக் கம்பெனி எனக்குக் கொடுத்திருக்கிறது. பல வருடங்களாக இதைச் செய்துவருவதால் யார் வீட்டில் முந்தின நாள் என்ன நடந்தது என்பது சொல்லாமலே தெரிந்துவிடும். உடைந்து குறைந்த வளையல், தோளில் கை பட்டதும் சுருங்கும் உடம்பு, சித்திரை வெயிலிலும் கழுத்தைச் சுற்றிய துண்டு. இவை பொறி கிளப்பாதவை என்பதால் அனுமதி உண்டு.

நான் சொல்லவரும் பெண் திரி வைக்கும் பகுதியில் இருந்தாள். ஆமத்தூர்ப் பக்கத்திலிருந்து கம்பெனி வேனில் வருவாள். பன்னிரண்டாம் வகுப்பு தேறியவள். சேலைக்கு மேல் புருஷனின் பழைய பருத்திச் சட்டையை மாட்டி, கையை மணிக்கட்டு வரை இறக்கிவிட்டிருப்பாள். எங்கள் பெண்கள் எல்லோருக்கும் அதுதான் உடுப்பு. வீட்டு ஆண்கள் கழித்துப்போட்ட சட்டைகளுக்குள்தான் இந்தத் தொழில் நடக்கிறது.

அவள் புருஷனும் எங்கள் கம்பெனிதான். மருந்து கலக்குகிறவர். வெடிமருந்துப் பொடிகளைச் சலித்து ஒன்றாகச் சேர்க்கும் அந்த வேலை வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிட வேண்டும். அந்த அறை எல்லாவற்றிலிருந்தும் தள்ளித் தனியே நிற்கும். உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரம் இறங்க, வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு வெறுங்காலோடு நுழைய வேண்டும். வேகமாகத் திரும்பக் கூடாது, எதையும் இழுக்கக் கூடாது, தட்டக் கூடாது. இவர் அந்த வேலையில் பேர் வாங்கியவர். வியர்வை கண்ணுக்குள் இறங்கினாலும் கையிலிருக்கும் சல்லடையை மெல்லக் கீழே வைத்துவிட்டுத்தான் துடைப்பார். வெளியூர் ஏஜெண்டுகள் யாராவது வந்தால் மேனேஜர் தூரத்தில் நின்று அவரைக் காட்டுவார். "பாருங்க, பச்சப்புள்ளயத் தூக்குற மாதிரி தூக்குவாரு. அந்தக் கைப்பக்குவம் வேற யாருக்கும் வராது."

அந்தக் கை பட்ட இடங்களைத்தான் நான் காலையில் கேட்டில் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் எப்போதாவது. பழைய போர்மேன் ஓய்வு பெறப்போகிறார் என்ற பேச்சு வந்த பிறகு அடிக்கடி.

போர்மேன் என்றால் வேலை நடக்கும் இடத்தில் பாதுகாப்புக்குப் பொறுப்பான ஆள். பயிற்சி வகுப்புக்குப் போய்த் தேர்வில் தேறினால்தான் அந்த வேலை. எங்கள் முதலாளி இவளை அனுப்புவதென்று முடிவு செய்தார். முதலாளி பெண்கள் முன்னேற்றத்தில் நம்பிக்கை உள்ளவர். அதே வேலைக்கு ஓர் ஆண் கேட்கும் சம்பளத்தை ஒரு பெண் கேட்க மாட்டாள் என்பதிலும் அவருக்கு நம்பிக்கை உண்டு. அப்படிக் குறைத்துப் பார்த்தும் அது அவள் புருஷன் வாங்குவதைவிடக் கூடுதலாகத்தான் இருந்தது. நோட்டீஸ் போர்டில் பேர் ஒட்டிய அன்று அவள் என்னிடம் வந்து, "அக்கா, வகுப்புக்குப் போகாம விட்டா அடுத்த ஆளுக்குப் போயிருமா?" என்று கேட்டாள். போய்விடும் என்றேன். "அப்படின்னா எப்படியும் போயிரணும்க்கா. விட்டா இந்த ஜென்மத்துக்கும் திரிதான்" என்றாள்.

மருந்துக்காரர்களுக்கு மத்தியானத்துக்கு முன்னாலேயே வேலை முடிந்துவிடும். பிறகு கேட்டுக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருப்பார்கள். பெண்கள் வேலை முடிந்து, வேன் ஏறி, வீடு போய் அடுப்புப் பற்றவைக்கும் வரை ஆண்களுக்கு ஊர் விஷயங்களைக் கவனிக்க நேரம் இருந்தது. நோட்டீஸ் போர்டு விஷயத்தை அவர்கள் நன்றாகக் கவனித்தார்கள். டைம் ஆபீஸ் ஜன்னல் வரை சத்தம் கேட்டது.

"ஏலே, இனிமே லீவு வேணும்னா பொண்டாட்டிக்கிட்டத்தான் மனு குடுக்கணும்."

"வீட்லயும் அவதான் போர்மேனு. இவனுக்கு ஓவர்டைம் உண்டாலே?"

"சட்டைய ஏற்கனவே குடுத்துட்டான். அடுத்து வேட்டிதான்."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். மறுநாள் காலையில் அவள் இடது காதை முந்தானையால் மூடிக்கொண்டு வரிசையில் நின்றாள். கொண்டை ஊசி பார்க்க முந்தானையை விலக்கினேன். காது சிவந்து தடித்திருந்தது.

"என்னம்மா இது?"

"கதவு இடிச்சிருச்சுக்கா."

அவளுக்குப் பின்னால் நின்றது பூச்சட்டி, அதாவது புஸ்வாணம், செய்யும் பகுதிப் பெண்மணி. வயதில் மூத்தவள், யாருக்கும் வாய் அடங்காதவள். அவள் எட்டிப் பார்த்துச் சொன்னாள், "ஒங்க வீட்டுக் கதவுக்கு அஞ்சு வெரலாடீ? எங்க வீட்டுக் கதவும் அந்தச் சாதிதான். ஒரே ஆசாரி செஞ்சதா இருக்கும்."

வரிசை சிரித்தது. இவளும் சிரிக்கப் பார்த்து, காது வலித்ததால் பாதியில் நிறுத்தினாள்.

வகுப்பு தொடங்குவதற்குச் சில நாள் இருக்கும்போது அவள் ஆபீசுக்கு வந்து புகார் சொன்னாள். வகுப்புக்குப் போனால் காலை ஒடிப்பேன் என்று புருஷன் சொல்வதாகவும், சொன்னதைச் செய்யக்கூடியவர் என்றும் சொன்னாள். எங்கள் கம்பெனியில் பெண்களின் புகாரை விசாரிக்க ஒரு குழு உண்டு. சட்டப்படி வைத்தாக வேண்டும் என்பதால் வைத்தது. அதற்கு நான்தான் தலைவி. எழுதப்படிக்கத் தெரிந்த பெண்களில் நான் மூத்தவள் என்பது மட்டுமே அதற்கான தகுதி. குழுவைப் பற்றிய அறிவிப்பு தண்ணீர்த் தொட்டிக்கு மேல் ஒட்டியிருந்து, நனைந்து நனைந்து மை கரைந்து, தலைவியின் பேர் மட்டும் போய்விட்டிருந்தது. முதல்முதலாக ஒரு புகார் வந்திருக்கிறது என்று நான் மேனேஜரிடம் போனேன்.

"எங்க வச்சு அடிச்சாரு?" என்று கேட்டார்.

"வீட்டில்."

"அப்ப அது கேட்டுக்கு வெளிய. நம்ம குழுவுக்கு எல்லை கேட்டோட சரி மேடம். அடிச்சது நம்ம ஆளு, அடி வாங்குனது நம்ம ஆளு, அது வேற விஷயம். எடம்தான் முக்கியம்." கொஞ்சம் யோசித்து, இரக்கத்தோடு சேர்த்துச் சொன்னார், "ஆனா சீசன் நேரம். ரெண்டு பேரும் நமக்கு வேணும். கூப்பிட்டு நல்ல விதமாப் பேசி விட்ருவோம்."

ஆபீசில் பேச்சு நடந்தது. மேனேஜர், நான், அவள், அவர். அவருக்கு நாற்காலி போட்டார்கள். அவள் பீரோவை ஒட்டி நின்றாள். நான் என் பெஞ்சில் இடம் விட்டும் அவள் உட்காரவில்லை. மேனேஜர் கேட்கத் தொடங்கியதுமே அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கோவம் வந்தா எனக்குக் கண்ணு தெரியாது அண்ணாச்சி. நான் அடிக்கணும்னு நெனைக்கிறதில்ல. கை தானா நீண்டுருது. பெறகு நானே அழுதுருவேன். வேணும்னா அவளயே கேளுங்க."

"அழுவாக" என்றாள் அவள். "என்னை டீ போட்டுத் தரச் சொல்லி, குடிச்சிட்டு அழுவாக."

மேனேஜர் அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. "மனுசன்னா கோவம் இருக்கத்தான் செய்யும். அந்த நேரத்துல மனுசன் மனுசனா இருக்க மாட்டான். என்ன மேடம்?" என்றார். ஆமாம் என்று நான் சொல்லவில்லை. எனக்கு ஒரு சந்தேகம் இருந்ததால் புருஷனிடமே கேட்டேன்.

"மருந்து ரூமில் இருக்கும்போது கோபமே வராதா உங்களுக்கு? லோடுக்காரர்கள் வந்து கத்துகிறார்கள். மேனேஜர்கூட ஏசியிருக்கிறார்."

"வரும்க்கா. வராம இருக்குமா? ஆனா அங்கன எப்படிக் கைய ஓங்க முடியும்? வெடிச்சிரும்லா. அம்புட்டுப் பேரு உயிரு இருக்கே." பெருமையாகத்தான் சொன்னார். நியாயமான பெருமை.

மேனேஜர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். "பாத்தீகளா, எம்புட்டுப் பொறுப்பு! இந்த நிதானம் எவனுக்கு வரும்?" தன் கை தன் சொல்லைக் கேட்பதில்லை என்று ஒருவர் அழுத ஈரம் காய்வதற்குள், அவருடைய நிதானத்தைப் பாராட்டும் மனம் எங்கள் மேனேஜருக்கு இருந்தது. இரண்டையும் அவர் உண்மையாகவே நம்பினார்.

முடிவு எல்லோருக்கும் நன்மையாக இருக்க வேண்டும் என்று அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு வீட்டில் பெண்டாட்டி மேலே, புருஷன் கீழே என்று இருந்தால்தானே சண்டை? ஆகவே வகுப்புக்குப் புருஷனை அனுப்புவது. அவள் பொறுத்திருந்து பின்னால் ஒரு தடவை போகட்டும். அடிக்கிறவருக்குச் சம்பள உயர்வு கொடுத்தால் அடி நின்றுவிடும் என்ற இந்த மருத்துவத்தை நான் வேறு எங்கும் கேள்விப்பட்டதில்லை. புருஷன் போர்மேன் வேலையைக் கேட்கவே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவருக்கே கொஞ்சம் திகைப்பாக இருந்தது. அவள் திரி வைக்கப் போய்விட்டாள்.

மத்தியானச் சாப்பாட்டில் பூச்சட்டிப் பகுதிப் பெண்மணி தீர்ப்புக்கு விளக்கம் சொன்னாள். "மருந்து இருக்கிற எடத்துல கை அடங்கும்னு அவரே சொல்லிட்டாரே. அப்ப வீட்டு அடுப்படியிலயும் ஒரு பெட்டி மருந்து வாங்கி வச்சிக்கிற வேண்டியதுதான்."

"வீட்ல மருந்து வச்சா போலீஸு புடிச்சிரும்" என்றாள் பக்கத்திலிருந்தவள்.

"ஆமா, அதுக்கு மட்டும் ஓடி வந்துருவாக."

அவர் வகுப்புக்குப் போன நாட்களில் அடி நின்றிருந்தது. மேனேஜரின் மருந்து வேலை செய்கிறதோ என்று எனக்கே தோன்றியது. ஆனால் அவர் விட்டுப்போன அறையில் மருந்து வேலை செய்யவில்லை. பதிலுக்கு வந்த ஆள் கலந்த கலவையில் பூச்சட்டிகள் பூக்கவில்லை. கொஞ்சம் புகைந்து, இருமி, அடங்கின. வடக்கே போன முதல் லோடிலிருந்தே புகார் வந்தது. முதலாளி அன்றைக்கே கம்பெனிக்கு வந்தார். "போர்மேன் வேலைக்கு யாரையும் தயார் பண்ணிரலாம்யா. மருந்துக்காரனுக்கு எங்கன போவேன்? அவனைத் திருப்பிக் கூப்பிடும். அந்தப் பொம்பளய அனுப்பும்" என்று மேனேஜரைப் பிடித்து ஏசினார். இப்படியாக, பூச்சட்டி பூக்காததால் ஒரு பெண்ணுக்கு அவளுடைய வாய்ப்பு திரும்பக் கிடைத்தது. பெண்ணுரிமை எங்கள் ஊருக்கு வரும் வழி பெரும்பாலும் ஆர்டர் வழியாகத்தான்.

அவள் வகுப்புக்குப் போனாள். காதில் பழைய வீக்கத்தின் மேல் புதிய வீக்கத்தோடு போனாள். தேறினாள். கம்பெனி அவளுக்கு நீல நிறத்தில் பருத்திக் கோட்டு ஒன்று தைத்துக் கொடுத்தது. அவளுடைய அளவுக்கென்று தைத்த உடுப்பில் அவளைக் கம்பெனிக்குள் நான் அன்றுதான் முதலில் பார்த்தேன். தோள் எது, சட்டை எது என்று தெரிந்தது.

கொஞ்ச நாள் கழித்து ஒரு விடியற்காலை. போர்மேனும் நானும் மருந்துக்காரர்களுக்கு முன்னால் வந்துவிட வேண்டும். போர்மேனுக்கும் சோதனை உண்டு. அன்று அவளுடைய கன்னம் ஒரு பக்கம் உப்பியிருந்தது. நான் கதவைப் பற்றிக் கேட்கவில்லை. அவளே கேட்டாள்.

"அக்கா, அன்னிக்கு ஆபீஸ்ல கை தானா நீளுதுன்னு அவுக சொன்னதை நீங்க கேட்டீகல்லா?"

"கேட்டேன்."

"யாரும் கேட்டா சொல்லுவீகளா?"

"சொல்லுவேன்."

அவள் நேராகப் போய் மருந்து அறை வாசலில் நின்றுகொண்டாள்; நானும் பின்னாலேயே போனேன். அவர் பைக்கை வெளியே நிறுத்திவிட்டு வந்து, செருப்பைக் கழற்றி, செம்புத் தகட்டைத் தொடக் கையை நீட்டினார்.

"உள்ள போகாதீக" என்றாள்.

"என்னது?"

"உள்ள போகாதீக. அந்தப் போர்டைப் பாருங்க." தன்னிலையில் இல்லாதவர் இந்த அறைக்குள் வரக் கூடாது என்று சுவரில் பெரிதாக எழுதியிருக்கும். குடித்தவர்களுக்காக எழுதியது.

"நான் குடிக்கலியே. ஊதிக் காட்டவா?"

"குடிச்சவுக கையி தள்ளாடத்தான் செய்யும். ஒங்க கை தானா நீளும்னு நீங்களே சொல்லியிருக்கீக. நேத்தும் நீண்டிருக்கு. சொன்ன பேச்சுக் கேக்காத கையை இந்த ரூமுக்குள்ள எப்படி விடுவேன்? ஏதாச்சும் ஆச்சுன்னா எங்கிட்டத்தான் கேப்பாக."

குரலை உயர்த்தவே இல்லை. அந்த இடத்தில் உயர்த்தக் கூடாது என்பதும் விதிதான். அவர் அவளைத் தள்ளிவிட்டுப் போயிருக்கலாம். கை பாதி எழுந்தும்விட்டது. வாசலுக்குள்ளே முந்தின நாள் சலித்து வைத்த பொடி தட்டுகளில் இருந்தது. கை அப்படியே நின்று, மெல்லக் கீழே இறங்கியது. காயப்போடும் மேடையைக் கூட்டிக்கொண்டிருந்த பெண்கள் விளக்குமாற்றை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கை நீளாததை அவர்களும் பார்த்தார்கள்.

மேனேஜர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு வந்தார். "என்னம்மா இது, வீட்டுச் சண்டையை இங்கன கொண்டாந்துக்கிட்டு!"

"வீட்டுச் சண்டை இல்ல அண்ணாச்சி, பாதுகாப்பு. கையிக்கும் இவுகளுக்கும் சம்பந்தமில்லைன்னு ஒங்க முன்னாலதான் சொன்னாக. அக்கா இருக்காக, கேளுங்க."

மேனேஜர் என்னைப் பார்த்தார். சொன்னது உண்மை என்றேன். அந்த நேரத்தில் மனுசன் மனுசனாக இருக்க மாட்டான் என்று மேனேஜரே ஒப்புக்கொண்டதையும் சொன்னேன். எனக்கு நடந்ததை நடந்தபடி சொல்லித்தான் பழக்கம்.

வெளிச்சம் ஏறிக்கொண்டிருந்தது. வெயில் வந்துவிட்டால் அன்றைய கலவை போச்சு. கலவை போனால் லோடு போச்சு. மேனேஜர் ஆபீசுக்கு ஓடி முதலாளிக்குப் போன் போட்டுவிட்டுத் திரும்பி வந்தார். முதலாளி சொன்னதை அப்படியே ஒப்பித்தார். "அவன் கை அவன் சொன்னதைக் கேக்குமா கேக்காதான்னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லும். கேக்கும்னா உள்ள போகட்டும். கேக்காதுன்னா கணக்க முடிச்சு அனுப்பும். லோடு நிக்கக் கூடாது."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "கேக்கும்" என்றார்.

"எது?" என்றாள்.

"என் கை. நாஞ் சொன்னாக் கேக்கும்."

"இங்கன மட்டுமா?"

மேனேஜர் வானத்தைப் பார்த்தார். "சொல்லித் தொலைப்பா, வெயிலு வருது."

"எங்கனயும் கேக்கும்."

"அப்ப வீட்ல அது தானா நீளல."

"இல்ல" என்றார். மேடைப் பக்கம் ஒரு விளக்குமாறு கீழே விழுந்தது. போர்மேன் திரும்பிப் பார்த்து, "எதையும் கீழ போடாதீக" என்றாள். பிறகு வாசலை விட்டு நகர்ந்து நின்றாள். அவர் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போனார். அன்றைய கலவை நன்றாகவே வந்தது என்று கேள்வி.

மேனேஜர் இதிலிருந்து ஒரு பாடம் கற்றுக்கொண்டார். அடுத்த வாரம் ஊரிலேயே நல்ல அச்சகத்தில் கொடுத்து, சிவப்பு எழுத்தில் ஒரு போர்டு அடித்து வாங்கிக் கேட்டில் மாட்டினார்: 'வீட்டுச் சண்டைகளை வீட்டிலேயே விட்டுவிட்டு வரவும்.' அதற்குக் கீழேதான் நான் இப்போதும் சோதனை போடுகிறேன். ஆண்களும் கற்றுக்கொண்டார்கள். எங்கள் கம்பெனி ஆண்கள் யாருக்கும் இப்போது கை தானாக நீள்வதில்லை. அப்படிச் சொன்னால் வேலை போய்விடும். "அடிக்கிற மாதிரி அவதான் பேசுனா" என்று சொல்கிறார்கள்.

அவளுக்கு வேறு கவலை இருந்தது. தீபாவளிக்கு முந்தின வாரத்தில் சொன்னாள், "சீசன் முடிஞ்சா கம்பெனியைப் பூட்டிருவாக அக்கா. பூட்டுனா நான் போர்மேன் இல்லல்லா. வீட்ல எனக்கு நின்னு தடுக்க எந்த ரூம் வாசலும் கெடையாது." இருந்த வீடு புருஷனின் அண்ணனுடையது. அங்கிருந்து அவரைப் போகச் சொல்ல அவளுக்கு உரிமையுமில்லை, போவதற்கும் இடமில்லை.

அவள் நாரணாபுரத்தில் ஓர் ஓட்டு வீட்டைத் தன் பேரில் வாடகைக்குப் பிடித்தாள். "வீட்டுக்காரர் பேரு?" என்று கேட்ட சொந்தக்காரரிடம், "வாடகை குடுக்குறது நான், எம்பேரைப் போடுங்க" என்றாளாம். அவர் கொஞ்சம் தயங்கிவிட்டு, கம்பெனி கோட்டைப் பார்த்ததும் போட்டுக்கொண்டாராம். பூட்டின மறுநாளே சாமான்களைக் கொண்டுபோய்விட்டாள். புருஷனை விட்டுவிட்டாளா, விடவில்லையா என்று டீக்கடை இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம் அந்தப் பக்கம் போனவள் அவளைப் பார்க்க அவள் வீட்டுப் பக்கம் திரும்பினேன். வாசலில் அவர் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு பை, தோளில் நனைந்த துண்டு. என்னைப் பார்த்ததும், "வாங்கக்கா, உள்ள இருக்கா" என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றாரே தவிர, அவர் நுழையவில்லை. கதவு ஒருக்களித்துத்தான் இருந்தது. உள்ளே தாளிக்கும் சத்தம் கேட்டது.

"யாரு?" என்றாள் அவள்.

"நாந்தான்" என்றார்.

"இருங்க. அடுப்புல வேலையா இருக்கேன். முடிச்சிட்டு வாறேன்."

"சரி" என்று சொல்லிவிட்டு, கூரைத் தண்ணீர் படாத இடமாகப் பார்த்து நகர்ந்து நின்றுகொண்டார்.